எந்த டெல்டா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒரே ஆங்கிலச் சொல் துறைக்குத் துறை எப்படிப் பொருள் மாறுகிறது என்று ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். செல், மௌஸ், வைரஸ் எல்லாம் வந்திருந்தன, படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மேட்டூர் நிலவரம் வருகிற நாளெல்லாம் உங்கள் பேப்பரில் தவறாமல் அச்சாகிற ஒரு சொல் அதில் இல்லை. டெல்டா. அது கிரேக்க எழுத்தின் பெயர் என்று தெரியும், ஆனாலும் நமக்கு இங்கிலீஷ் வழியாகத்தானே வந்து சேர்ந்தது, கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

நான் ஒரத்தநாடு பக்கம் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன், கூடவே மூன்று ஏக்கர் நிலமும் இருக்கிறது. என் கடையில் டெல்டா என்றால் ஊர் இல்லை, கனெக்‌ஷன். பத்து எச்.பி. மோட்டாரை எடுத்த எடுப்பில் முழு வோல்டேஜில் கிளப்பினால் அது ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுத்து டிரான்ஸ்ஃபார்மர் வரைக்கும் உலுக்கிவிடும். அதனால் முதலில் மூன்று காயிலின் வால்களையும் ஒன்றாக முடிந்து ஸ்டாரில் ஓடவிடுவோம். அப்போது ஒவ்வொரு காயிலுக்கும் 415 வோல்ட்டுக்குப் பதில் 240 வோல்ட்தான் போகும், லைனில் இழுக்கிற கரண்டும் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். வேகம் பிடித்த பிறகு ஒரு காயிலின் வாலை அடுத்த காயிலின் தலையோடு சேர்த்து முக்கோணம் ஆக்கினால் அதுதான் டெல்டா. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் டக்கென்று ஒரு சத்தம் கேட்கும், அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் விவசாயி வரப்பை விட்டு நகர்வார். டைமர் கெட்டு, மாறாமல் ஸ்டாரிலேயே நின்று தண்ணீரை இழுக்கப் பார்த்தால் மோட்டார் சூடேறிக் காயில் புகைந்து என் கடைக்கு வரும். (எனக்கு அதில் வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய்தான், ஆள் எங்கள் தெருக்காரராக இருப்பார்.)

போன மாதம் ஒருவர் போன் போட்டு, "அண்ணே, டெல்டா விழமாட்டேங்குது, நேத்துலேர்ந்து சொட்டுத் தண்ணி இல்ல" என்றார். சென்னையிலிருந்து வந்திருந்த என் தங்கச்சி மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "என்ன மாமா, கர்நாடகா திரும்பவும் தண்ணி விடலையா?" என்று முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு கேட்டான். அவனுக்குத் தெரிந்த டெல்டா வேறு. பங்கு விலை ஒரு ரூபாய் ஏறினால் அதன் ஆப்ஷன் விலை எத்தனை பைசா நகரும் என்கிற கணக்காம். பத்தாவது படிக்கிற என் மகளுக்கு டெல்டா என்றால் இருபடிச் சமன்பாட்டின் தன்மைகாட்டி. தேஜஸ் விமானத்தின் இறக்கையும் டெல்டாவாம், முக்கோணமாக இருப்பதால்.

இதெல்லாம் வேடிக்கை. வேடிக்கையாக இல்லாதது 2021இல் நடந்தது. உருமாறிய கொரோனா கிருமிக்கு ஊர்ப் பெயரை வைத்தால் அந்த ஊர்க்காரர்களுக்குக் கெட்ட பெயர் என்று உலக சுகாதார நிறுவனம் யோசித்து, மே 31 அன்று கிரேக்க எழுத்துகளைப் பெயராக அறிவித்தது. நல்ல எண்ணம்தான். ஆல்பா, பீட்டா, காமா என்று வரிசையாகப் போய் நான்காவதாக வந்தது டெல்டா. உலகத்தில் எந்த ஊருக்கும் அவப்பெயர் வரக்கூடாது என்று வைத்த பெயர் சரியாக எங்கள் தலையில் வந்து இறங்கியது. அடுத்த சில நாளில் தமிழ்நாட்டில் ஊரடங்கைத் தளர்த்தியபோது, தொற்று குறையாத பதினோரு மாவட்டங்களுக்குத் தளர்வு குறைவு என்றார்கள். அந்தப் பதினொன்றில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை நான்கும் இருந்தன. சென்னையில் இருக்கிற என் சின்ன மாமியார் போனில், "மாப்ள, உங்க ஊர்ல டெல்டா வந்துடுச்சாமே" என்று அழாத குறையாகக் கேட்டார். நாங்க பொறந்ததே டெல்டாலதானே அத்தை என்று சொல்லி, அதற்கப்புறம் விளக்கிச் சொல்ல கால் மணி நேரம் ஆனது. அதே ஜூன் 12ஆம் தேதிதான் மேட்டூரும் திறந்தார்கள். டெல்டாவுக்குத் தண்ணீர் வருகிறது என்ற செய்தியும் டெல்டா பரவுகிறது என்ற செய்தியும் ஒரே வாரத்தில் பேப்பரில் வந்தால் தூரத்தில் இருக்கிறவர்கள் என்னதான் நினைப்பார்கள்?

சரி, கிருமியை விடுங்கள். நிலத்துக்கே வருவோம். நைல் ஆற்றின் முகத்துவாரம் முக்கோணமாக இருந்ததால் அந்த எழுத்தின் பெயர் அந்த நிலத்துக்கு வந்தது. ஹெரோடோட்டஸ் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலேயே அப்படி எழுதிவிட்டார். நம்முடைய முக்கோணம் மேற்கே திருச்சி முக்கொம்பில் கூராக ஆரம்பித்து, கிழக்கே கொள்ளிட முகத்துவாரத்திலிருந்து கோடியக்கரை வரை விரிகிறது. ஆறு வண்டலைக் கொண்டுவந்து கொட்டி உண்டாக்கிய நிலம் என்பதுதான் பூகோளப் பாடத்தில் டெல்டா. அப்படிப் பார்த்தால் எங்கள் பகுதி டெல்டாவே இல்லை! ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் பெரும்பாலும் செம்மண்ணும் மணலும்தான், காவிரி கொண்டுவந்த வண்டல் இல்லை. மேட்டூர் அணைத் திட்டத்தோடு கல்லணைக் கால்வாயை வெட்டிய பிறகுதான் எங்களுக்கு ஆற்றுத் தண்ணீரே வந்தது. அணை முடிந்தது 1934இல். நாங்கள் அந்தக் கால்வாயை இன்னமும் புது ஆறு என்றுதான் சொல்கிறோம். பாசன அதிகாரிகள் பேச்சில் நாங்கள் புது டெல்டா, காவிரி, வெண்ணாறு பக்கம் பழைய டெல்டா.

அப்புறம் சட்டத்தின் டெல்டா ஒன்று இருக்கிறது. 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தின் பட்டியலில் புதுக்கோட்டை மாவட்டத்து அறந்தாங்கியும் மணமேல்குடியும் உண்டு, கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோவிலும் உண்டு. திருச்சி மாவட்டம் இல்லை. முக்கோணத்தின் முனையே வெளியில் நிற்கிறது. லால்குடிக்காரர் ஒருவரிடம் நீங்கள் டெல்டா இல்லை என்று சொல்லிப் பாருங்கள்!

அமெரிக்காவிலும் இதே கதைதான். மிசிசிப்பி டெல்டா என்று அவர்கள் சொல்கிற பருத்திச் சீமை ஆற்றின் முகத்துவாரத்தில் இல்லை, அதற்கு வெகு தூரம் வடக்கே இருக்கிறது. அங்கே பருத்திக்கு விமானத்தில் பூச்சிமருந்து தூவிய கம்பெனிதான் பிறகு அந்தச் சீமையின் பெயரையே வைத்துக்கொண்டு டெல்டா ஏர்லைன்ஸ் ஆனது.

இவ்வளவையும் எழுதக் காரணம் இருக்கிறது. கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்காகப் பிரிகிறது. "டெல்டா பாசனத்துக்குத் தண்ணீர் திறப்பு" என்று நீங்கள் ஒரு வரியில் தலைப்புப் போட்டுவிட்டால், பேராவூரணியிலும் நாகுடியிலும் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்கிற கடைமடைக்காரனுக்கு அதில் என்ன தெரியும்? அவன் வாய்க்காலுக்கு வந்ததா, வெண்ணாற்றோடு போனதா, கொள்ளிடத்தில் வெள்ளமாகக் கடலுக்குப் போனதா? இதற்குக் கழிமுகம் என்று தமிழில் எழுதினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். என் காதுக்குக் கழிமுகம் என்றால் உப்பங்கழி மட்டும்தான் வருகிறது, தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைக் கழிமுகத்தில் வைக்க மனசு வரவில்லை.

இன்னொன்று. எங்கள் தெருவில் ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் இருக்கிறார். பாசனக் கணக்கில் டெல்டா என்றால், நாற்று விட்டதிலிருந்து அறுப்பு வரை வயலுக்குப் பாய்ச்சுகிற தண்ணீரை மொத்தமாக ஒரே தடவையில் நிறுத்தினால் எத்தனை உயரம் நிற்குமோ அந்த உயரம் என்கிறார். நெல்லுக்குச் சுமார் நான்கு அடி. நீங்கள் நாள் தவறாமல் போடுகிற டி.எம்.சி. கணக்கை இதோடு வைத்துப் பாருங்கள். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. வழியில் ஒரு சொட்டுக்கூட வீணாகாவிட்டாலும் அது சுமார் 5,700 ஏக்கர் நெல்லுக்குத்தான் காணும். இந்த டெல்டா உங்கள் பேப்பரில் ஒருநாளும் வந்து நான் பார்த்ததில்லை, எங்களுக்கு வேண்டியதோ இதுதான்.

அதனால் அடுத்த தடவை தண்ணீர் திறக்கும்போது எந்த ஆற்றில் எத்தனை கன அடி, எந்த மதகு வரைக்கும் போய்ச் சேர்ந்தது என்று இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள். தலைப்பில் டெல்டா இருந்துவிட்டுப் போகட்டும், அதை எடுக்கச் சொல்லவில்லை.

எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஒருவர் டாடா ஏஸில் மோட்டாரை இறக்கி வைத்துவிட்டு நிற்கிறார். டெல்டா விழவில்லையாம். போய்ப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
மோட்டார் வைண்டிங் கடைக்காரர், ஒரத்தநாடு