குடியிருப்போர் நலச்சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்கள் பிறகு வாங்கிப் படித்துக்கொள்ளலாம்.

பொங்கல் போட்டிகளும் சுதந்திர தினக் கொடியேற்றமும் வழக்கம்போல் நடந்தன. வடிகால் மனுவுக்கு இன்னும் பதில் இல்லை.

இந்த ஆண்டின் முக்கியப் பணி, ஞாயிறு காலையில் சங்க அறையில் நடக்கும் வேலைக் கடிதச் சரிபார்ப்பு, அதாவது வந்த வேலைக் கடிதம் உண்மையா போலியா என்று பார்த்துச் சொல்வது. ‘சங்கத்துக்கு இது எதற்கு?’ என்று செயற்குழுவில் கேட்டார்கள். 2022இல் தமிழகத்தைச் சேர்ந்த 28 பேரை, ரயில்வே வேலைக்குப் பயிற்சி என்று சொல்லி, மோசடிக்காரர்கள் புதுடெல்லி நிலையத்தில் ஒரு மாதம் ரயில் எண்ண வைத்தார்கள். அவர்கள் இழந்தது இரண்டரைக் கோடிக்கு மேல். பலரும் பொறியியல் படித்தவர்கள். இதற்காகத்தான்.

கடிதத்தின் முத்திரையையும் லோகோவையும் நாங்கள் பார்ப்பதே இல்லை. அவற்றைப் பத்து நிமிடத்தில் செய்துவிடலாம். மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின்னால் இருப்பதைத்தான் பார்க்கிறோம். கம்பெனிப் பெயரோடு சிறுகோடு போட்டு ‘ஜாப்ஸ்’ என்று ஒட்டியிருந்தால் சந்தேகம். கடிதத்திலுள்ள எண்ணை விட்டுவிட்டு, கம்பெனியின் சொந்தத் தளத்திலுள்ள எண்ணில் கேட்கிறோம். லேப்டாப் முன்பணம், பதிவுக் கட்டணம், ‘திருப்பித் தரப்படும்’ டெபாசிட் என எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அங்கேயே நிறுத்தச் சொல்கிறோம்.

வெளிநாடு என்றால் ஏஜென்டின் உரிம எண்ணை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் தேடுகிறோம். உரிமம் இருந்தால் போதாது, அது நடப்பில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சட்டப்படி அவர் வாங்கக்கூடிய அதிகபட்ச சேவைக் கட்டணம் ரூ.30,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து ரூ.35,400, அதற்கு ரசீது தர வேண்டும். ‘விசிட் விசாவில் போங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்றால் போகவே கூடாது. தாய்லாந்தில் ஐடி வேலை என்று அழைத்துப்போய் மியான்மருக்குக் கடத்தி அடைத்து வைக்கிறார்கள் என்று வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரிலேயே எச்சரித்தது.

வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்பது போன்ற டெலிகிராம் ‘டாஸ்க்’ வேலையில் முதலில் 50, 100 என்று உண்மையாகவே பணம் வரும். அது தூண்டில் புழு. பிறகு ஆயிரம் கட்டினால் ஆயிரத்து முந்நூறு என்பார்கள். திரையில் இருப்பு ஏறிக்கொண்டே போகும், எடுக்கப்போனால் ‘வரி’ கட்டச் சொல்வார்கள். ஏமாந்தால் அன்றே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் முடக்க வேண்டும். யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைக் கையில் வைத்திருங்கள். வெட்கப்பட்டு இரண்டு நாள் கழித்து வந்தால் யாராலும் அதிகம் செய்ய முடியாது.

வரவு செலவு தணிக்கையில் இருக்கிறது. பெரிய பற்றாக்குறை இல்லை, சொல்லும்படி இருப்பும் இல்லை. பாதிக்கு மேற்பட்ட வீடுகளின் சந்தா பாக்கி. மாதம் 50 ரூபாய் கேட்டால் ரசீது எங்கே, தீர்மான நகல் எங்கே என்று கேட்கிறார்கள். முகம் தெரியாத ‘எச்.ஆர். மேடம்’ கேட்கும்போதும் அதே கண்டிப்பு இருந்தால் நல்லது.

அறை தந்த பொருளாளருக்கும், தேநீர் ஏற்பாடு செய்தவர்களுக்கும் நன்றி.

சரிபார்ப்புக்கு இணைய இணைப்பும் அச்சுத் தாளும் செலவு. பாக்கி வசூலானால் அடுத்த ஆண்டும் ஞாயிறுதோறும் நடக்கும். செயலாளர் பொறுப்பை ஏற்க வேறு யாரேனும் முன்வந்தால் அறைச் சாவியைத் தரத் தயாராக இருக்கிறேன். இதுவரை யாரும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
செயலாளர்