குடியிருப்போர் நலச் சங்கம்: 2024–25ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விளையாட்டுப் போட்டிகள், சுதந்திர தினக் கொடியேற்றம், கண் பரிசோதனை முகாம் ஆகியவை வழக்கம்போல் நடந்தேறின. ஓடையைத் தூர்வாரக் கோரும் மனு மீண்டும் அளிக்கப்பட்டுள்ளது.

இவ்வாண்டின் தலையாய பணி, சங்க மண்டபத்தின் மொட்டைமாடியில் சூரிய மின்தகடுகளும் பேட்டரியும் அமைத்ததாகும். இதற்கு இத்தனை செலவு தேவையா என்று வெளியில் பேசப்படுவதால், சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது.

நம் நாடு தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. சமையல் எரிவாயுவிலும் பாதிக்கு மேல் கப்பலில்தான் வருகிறது. விலையை டாலரில் கொடுப்பதால், எண்ணெய் விலை ஏறினாலும் ரூபாய் மதிப்பு இறங்கினாலும் சுமை நம் தலையில்தான் விழுகிறது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் பீப்பாய் விலை 100 டாலரைத் தாண்டியது. அடுத்த மாதமே இங்கும் டீசல் விலை ஏறத் தொடங்கியது. அந்தப் போரில் எவ்விதச் சம்பந்தமும் இல்லாத குளச்சல் விசைப்படகுக்காரரும் அந்த விலையைக் கொடுத்துத்தான் கடலுக்குப் போனார். மாறாக, ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் சுழலும் முப்பந்தல் காற்றாலைகளுக்கோ, கோதையாறு நீர்மின் நிலையத்துக்கோ எரிபொருள் வாங்க எந்த நாட்டுக்கும் டாலர் அனுப்ப வேண்டியதில்லை.

மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியில்தானே உற்பத்தியாகிறது, தகடு வைத்தால் எண்ணெய் எப்படி மிச்சமாகும் என்று ஓர் உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் நம் மண்டபத்தில், கல்யாண நாளில் மின்சாரம் தடைபட்டால் டீசல் ஜெனரேட்டர்தான் ஓடியது. பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தவர்கள் சாம்பாரோடு புகையையும் சேர்த்தே உண்டனர். இப்போது விளக்குகளும் மின்விசிறிகளும் பேட்டரியில் இயங்குவதால் டீசல் செலவு வெகுவாகக் குறைந்துள்ளது. சமையல் மட்டும் இன்னும் எரிவாயுவில்தான் நடக்கிறது.

இந்தியா எண்ணெய் வாங்குவதைக் குறைத்தால் வளைகுடாவிலுள்ள நம் பிள்ளைகளின் வேலை என்னாகும் என்றும் ஒருவர் கவலைப்பட்டார். துபாயிலேயே பாலைவனத்தில் மிகப் பெரிய சூரிய மின்பூங்கா அமைத்திருக்கிறார்கள். எண்ணெய் விற்பவர்களே முன்னேற்பாடு செய்யும்போது, வாங்கும் நாம் வாளாவிருப்பது சரியன்று என்பது என் தாழ்மையான கருத்து.

மண்டபத்தில் மின்தகடு அமைப்பதைத் தீர்மானிக்கக் கூட்டிய முதல் கூட்டம், போதிய உறுப்பினர்கள் வராததால் ஒத்திவைக்கப்பட்டது. அன்று வராதவர்களே பின்னர் அதிகம் ஆட்சேபித்தனர் என்பதையும், அவர்களில் பலருக்குச் சந்தா பாக்கி உள்ளது என்பதையும் பதிவு செய்கிறேன். வீட்டுக் கூரையில் 3 கிலோவாட் சூரிய மின்தகடுகள் அமைத்தால் மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. விண்ணப்பிக்க உதவுவதாக அறிவித்தும் மிகச் சிலரே முன்வந்தனர்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். செலவு மதிப்பீட்டைச் சற்று விஞ்சினாலும், நன்கொடையாலும் மண்டப வாடகையாலும் பெருமளவு ஈடுசெய்யப்பட்டது. ஒத்துழைத்த நிர்வாகிகள், மகளிர் குழுவினர், மண்டபக் காவலர் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் மண்டபச் சமையலறையில் மின் அடுப்புகள் வைக்கும் எண்ணம் உண்டு. பாக்கிச் சந்தா வசூலானாலே அதற்குப் புதிதாக நன்கொடை கேட்க வேண்டியிராது. செயலாளர் பொறுப்பை ஏற்க விரும்புவோர் தலைவரிடம் பெயர் கொடுக்கலாம் என்று ஏற்கெனவே அறிவித்திருந்தோம். இந்நேரம் வரை எவரும் கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
செயலாளர்