மெயில் சர்வர் திருப்பணி நிறைவு அறிக்கை

பாசனதாரர் சங்க உறுப்பினர்களுக்கு வணக்கம்.

ஜிமெயில் சும்மா கிடைக்கும்போது சங்கத்துக்குச் சொந்த மெயில் சர்வர் (மின்னஞ்சலை வாங்கி, வைத்து, அனுப்பும் கம்ப்யூட்டர்) எதற்கு என்று டீக்கடையில் கேட்டவர்களுக்கு முதலில் பதில். கோரையாற்றங்கரைக்கு வரும் நெட் லைன் பாதி நாள் படுத்துவிடுகிறது. ஜிமெயில் என்றால், இதோ 180 மீட்டரில் இருக்கும் பால் சொசைட்டிக்குப் போகிற கடிதமும் அந்த லைனைத்தான் நம்ப வேண்டும். இப்போது லைன் செத்திருந்தாலும் ஊருக்குள் கடிதம் போகிறது. வெளியூர்க் கடிதங்கள் காத்திருந்து, காலை 6 மணிக்கும் இரவு 8 மணிக்கும் முறை வைத்துக் கிளம்புகின்றன. முறைப்பாசனம் தெரிந்த உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

கம்ப்யூட்டர் ஒரு உறுப்பினர் வீட்டுப் பரணில் கிடந்தது. டெபியன் (கம்ப்யூட்டரை இயக்குவது), போஸ்ட்ஃபிக்ஸ் (கடிதத்தை வாங்கி அனுப்புவது), டவ்காட் (கடிதத்தைப் பெட்டியில் வைத்துப் படிக்கக் கொடுப்பது) மூன்று மென்பொருளும் இலவசம். இரண்டு ராத்திரியில் ஏற்றியாயிற்று.

இனி, சர்வரிலிருந்து பால் சொசைட்டிக்குப் போகும் கேபிள். மொத்த வேலைக்கும் மதிப்பீடு ரூ.38,000, ஆன செலவு ரூ.46,700. அதிகப்படி 8,700-இல் இன்வர்ட்டர் பேட்டரி 2,800, மீதி 5,900 கேபிளுக்கு. காண்ட்ராக்டர் வாய்க்கால் ஓரமாகப் பள்ளம் தோண்டி, சொசைட்டி வரை ஒரே இழுப்பில் இழுத்துவிட்டார். லேன் கேபிள் (கம்ப்யூட்டர்களை இணைக்கும் கம்பி) ஒரே இழுப்பில் 100 மீட்டருக்கு மேல் ஆகாது என்று நான் சொன்னபோது, "எத்தனை ஊர்ல போட்டிருக்கேன், நீங்க கணக்கு எழுதுங்க சார்" என்றார். சரி என்று விட்டது என் தப்பு. முதல் நாள் ஓடியது. மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்த வாரம் நின்றுவிட்டது. தோண்டிப் பார்த்தால் நடுவில் ஒரு ஒட்டு. கறுப்பு டேப்பைப் பிரித்ததும் தண்ணீர் சொட்டியது, செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு. இரண்டடி தள்ளி எலி கடித்த தடம் வேறு.

அதன்பின் பில் வந்தது: 260 மீட்டர்! பொருளாளரும் நானும் உச்சிவெயிலில் டேப் பிடித்து அளந்தோம், 180. கூடுதல் 80 மீட்டருக்கு, மீட்டர் 40 ரூபாய் வீதம், 3,200-ஐ நிறுத்தி வைத்தோம். வளைவு, ஏற்ற இறக்கம் என்றார். பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் ஏற்ற இறக்கம்! பணத்தைக் கமிட்டி அமுக்கிவிட்டதாகச் சொல்பவர்கள் அளவுப் புத்தகத்தைப் பார்க்கலாம். புதுக் கேபிளைக் குழாய்க்குள் விட்டு, பாதி வழியில் மாவு மில் திண்ணையில் நெட்வொர்க் ஸ்விட்ச் (சிக்னலை வாங்கிப் புதுசாக்கி அனுப்பும் பெட்டி) வைத்த பிறகு தொல்லை இல்லை.

சொந்த சர்வர் இருக்க, வெளியே வருஷ வாடகை ஏன் கட்டுகிறோம்? வீட்டு லைனிலிருந்து நேராகப் போகும் கடிதத்தைப் பெரிய கம்பெனிகள் பெரும்பாலும் குப்பையில் தள்ளும், அல்லது வாசலிலேயே திருப்பும். அதனால் வெளியே ஒரு ரிலே (நம் கடிதத்தை வாங்கி உரியவருக்கு அனுப்பும் வாடகை சர்வர்), உள்ளே வரும் கடிதத்துக்கு ஒரு வாடகைப் பெட்டி. நம் சர்வர் முறைக்கு முறை அதிலிருந்து அள்ளிக்கொள்ளும். பயிர்ப் படங்களைச் சுருக்கி அனுப்பவும். மெயிலில் ஏறும்போது அவை மூன்றில் ஒரு பங்கு ஊதிவிடும்.

அடைமழையில் லைன் ஆறு நாள் இல்லாதபோது 11 கடிதங்கள் திரும்பின. சர்வர் கடிதத்தைத் தின்றுவிட்டது என்று பேச்சு. போஸ்ட்ஃபிக்ஸ் வழக்கமாக ஐந்து நாள்தான் முயலும், அப்புறம் எழுதியவருக்கே திருப்பிவிடும். இப்போது பத்து நாளாக்கியிருக்கிறோம்.

நன்கொடையாளர்கள்: பெயர் வரிசையால் போன நோட்டீசில் வந்த சண்டை போதும் என்பதால் பெயர் போடவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் மேலத்தெருப் பிள்ளை 10,000, உரக்கடை 5,000, ரைஸ்மில் 5,000, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் 3,000, கீழத்தெரு மகளிர் குழு 2,500, டிராக்டர்காரர் 2,000, பள்ளம் மூடியதும் அவரே, மாவு மில்காரர் திண்ணையும் கரண்டும், டீக்கடை 501, கேள்விகள் தனி. மற்றவர்களையும் சேர்த்து ரசீதுகள் மொத்தம் 41.

வசூல் ரூ.47,850, கையிருப்பு ரூ.1,150. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றும் முறை அடுத்த மாதம் கீழத்தெருவுக்கு.

இப்படிக்கு,
செயலாளர்