பருவ இறுதிக் கடிதம்: வரலாற்று வகுப்பைப் பற்றிச் சில வார்த்தைகள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்தப் பருவம் நல்லபடியாக முடிந்திருக்கிறது. விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி, பேச்சுப் போட்டி எல்லாவற்றிலும் பிள்ளைகள் ஆர்வமாகக் கலந்துகொண்டார்கள், பரிசுகளும் வாங்கினார்கள். நூலகத்துக்குப் புதுப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. எல்லோருக்கும் பாராட்டுகள்.

அப்புறம், வரலாற்று வகுப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

அடிமைமுறையை ஒட்டி வடக்கு, தெற்கு மாநிலங்களுக்கிடையே நடந்த உள்நாட்டுப் போருக்குப் பிறகு அமெரிக்கா எப்படி மறுபடி எழுந்தது என்பதை நம் வரலாற்று ஆசிரியர்கள் இந்தப் பருவம் முழுவதும் கூடிப் படித்து வருகிறார்கள். 1865இல் போர் ஓய்ந்தபோது 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் இறந்திருந்தார்கள். அடிமைகளாக இருந்த சுமார் 40 லட்சம் கறுப்பினத்தவருக்கு விடுதலை கிடைத்தது. 1868இல் குடியுரிமை, 1870இல் கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை என்று அரசியலமைப்பே திருத்தப்பட்டது. அதே 1870இல் தெற்கு மாநிலமான மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ் என்ற கறுப்பினத்தவர் நாடாளுமன்ற மேலவையான செனட் சபைக்குப் போனார். ஆனால் 1877இல் மத்திய அரசு தெற்கு மாநிலங்களில் இந்த உரிமைகளுக்குக் கொடுத்துவந்த படைக் காவலை விலக்கிக்கொண்டதும் அந்த உரிமைகள் ஒவ்வொன்றாகப் பறிபோயின. வாக்குரிமையை உறுதிசெய்ய 1965இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. இடையில் பல பத்தாண்டுகள், கறுப்பினத்தவருக்கு உரிமை கொடுத்ததே தவறு என்று பாடநூல்களே எழுதின. அதனால்தான் நம் ஆசிரியர்கள் பாடநூலோடு நிற்காமல் அந்தக் காலத்து ஆவணங்களையே வகுப்புக்குக் கொண்டுவருகிறார்கள். இது மிக நல்ல வேலை என்பது என் உறுதியான எண்ணம்.

அப்படி ஒரு நாள் ஒன்பதாம் வகுப்பில், மிசிசிப்பி மாநிலம் 1865இல் போட்ட சட்டம் ஒன்றை ஆசிரியர் வாசித்தார். விடுதலை பெற்றவர்கள் ஒவ்வொரு ஜனவரியிலும் தங்களுக்கு வேலை இருக்கிறது என்று எழுத்துச் சான்று வைத்திருக்க வேண்டும் என்கிற சட்டம் அது. வாசித்து முடித்ததும், "விடுதலை கொடுத்த பிறகு இந்தச் சட்டம் யாருக்காக?" என்று கேட்டார். பிள்ளைகள் அந்த மணி முழுக்க விவாதித்தார்கள். ஆனால் வாசித்த பகுதியை மட்டும் யாரோ கைப்பேசியில் பதிவு செய்து, கேள்வியை விட்டுவிட்டு, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள். ஆசிரியர் அடிமைமுறைக்கு வக்காலத்து வாங்குகிறார் என்று இரவோடு இரவாகப் பேச்சு பரவிவிட்டது.

பிள்ளை என்ன படிக்கிறது என்று கவலைப்பட உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனாலும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அனுமதியில்லாமல் வகுப்பைப் பதிவு செய்வதையும், அதைப் பரப்புவதையும் பள்ளி ஏற்காது. இனி அப்படி நடந்தால் கைப்பேசி அலுவலகத்தில் இருக்கும். பெற்றோர் நேரில் வந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும். குழுவில் ஆசிரியரின் பெயரைப் போட்டு ஏசுவதும் உடனே நிற்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் முதலில் ஆசிரியரைக் கேளுங்கள், இல்லையென்றால் என்னைக் கேளுங்கள். அந்த வாரமே நேரில் வந்து, ஆவணங்களை உட்கார்ந்து படித்துவிட்டுப் போன பெற்றோர்களுக்கு என் மனமார்ந்த நன்றி. அந்த ஆசிரியருக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. பள்ளி திறந்ததும் முதல் வாரம் எல்லா ஆவணங்களும் நூலகத்தில் இருக்கும். மாலையில் ஆசிரியர்களும் இருப்பார்கள். பிள்ளைகளோடு வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்