அஷ்தோதிலிருந்து அத்தை பேசினாள்

பாளா,

போன வாரமும் உன் போன் வரவில்லை. வேலை இருக்கும், குழந்தைக்குச் சளி இருக்கும், சரி. அத்தைதான் அங்கே இஸ்ரேலில் அஷ்தோதிலிருந்து கூப்பிட்டாள், பேச்சுவாக்கில் டொராண்டோவில் வீட்டு வாடகை எவ்வளவு என்று நீங்கள் விசாரிப்பதாகச் சொன்னாள். அவள் எதையும் ஊதிப் பெரிதாக்குகிறவள், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்பாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் சனிக்கிழமை சபாத் தொழுகைக்குச் சினகாக்குக்கு நடந்தேதான் போகிறார். தொழுகைக்குப் பத்து ஆண்கள் வேண்டுமே, போன சனிக்கிழமை ஒன்பதோடு நின்றுவிட்டது. மேலே பெண்கள் பக்கத்திலிருந்து தொப்பிகளை எண்ணுவதே இப்போது எனக்கு வேலை. சபாத் அன்று போன் பண்ணிக் கூப்பிடவும் முடியாது, சினகாக்கைப் பார்த்துக்கொள்கிற ஷமாஷ் தெருமுனை வரை போய், தூங்கிக்கொண்டிருந்த மாடிவீட்டுப் பெரியவரை எழுப்பிக் கூட்டி வந்தார், அப்புறம்தான் வேதச் சுருளை, தோராவை, வெளியே எடுத்தார்கள். நம் மராத்தி யூதர்கள் 1879இல் கட்டிய சினகாக், நான் கல்யாணமாகித் தானேவுக்கு வந்த புதிதில் பண்டிகைக்கு உட்கார இடம் கிடைக்காது.

தானேயில் இனி என்ன இருக்கிறது, இஸ்ரேலுக்கே வந்துவிடுங்கள் என்று எத்தனை வருடம் நச்சரித்தாய்! வரமாட்டேன் என்றதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். இப்போது நீயே... சரி, அதை நான் கேட்கவில்லை. மிலுயிமுக்கு, அந்த ரிசர்வ் ராணுவ வேலைக்கு, மறுபடி கூப்பிட்டிருக்கிறார்களா, அதை மட்டும் சொல். 2023 அக்டோபருக்கு அப்புறம் நீ போனை எடுக்காத நாளெல்லாம் எனக்கு அடுப்பில் என்ன இருக்கிறது என்றே தெரிவதில்லை.

பெரிய தாத்தா கதை உனக்குத் தெரிந்ததுதான். இஸ்ரேலுக்குக் குடிபோன நம் ஆட்களில், பீர்ஷேவாவில் கறுப்பர்கள் என்று ஒதுக்குகிறார்கள், எங்களைத் திருப்பி அனுப்புங்கள் என்று டெல் அவீவில் உட்கார்ந்தவர்களை 1952இல் விமானத்தில் பம்பாய்க்கே கொண்டுவந்து விட்டார்கள். வந்த கொஞ்ச நாளில் அவர்களில் பலர் மறுபடி இஸ்ரேல் போக மனுப் போட்டார்கள், பெரிய தாத்தாவும்தான். அவரைக் கிறுக்கர் என்று நாமெல்லாம் சிரித்திருக்கிறோம். நம் ஆட்கள் கல்யாணம் என்றால் முன்னோர்கள் யூதர்கள்தானா என்று ரப்பிகள் தோண்டுவதை எதிர்த்து 1964இல் ஜெருசலேமில் தெருவில் உட்கார்ந்தவர்களிலும் அவர் இருந்தார். அவர்கள் உட்காராமல் இருந்திருந்தால் உன் கல்யாணத்துக்கு ரப்பி தலைமுறைக் கணக்கு கேட்டிருப்பார். யாரும் கேட்கவில்லை. உன் மெஹந்தியில் ரஷ்யாக்காரச் சம்பந்திகள் மராத்திப் பாட்டுக்குக் கை தட்டியதை இன்றைக்கும் இங்கே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

டொராண்டோவிலும் நம் ஆட்கள் இருக்கிறார்கள், எனக்குத் தெரியும். போகாதே என்று சொல்ல நான் யார்? எங்கே போனாலும் நடந்து போகிற தூரத்தில் பத்துப் பேர் சேருகிற தெருவாகப் பார்த்து வீடு எடு. வாடகை நூறு கூடினாலும் பரவாயில்லை, தெருவைப் பார். பேத்தி நாம் நேர்ந்து படைக்கிற மலிதாத் தட்டில் அவலை விட்டுவிட்டுத் தேங்காயை மட்டும் பொறுக்கித் தின்கிறாளாமே, தின்னட்டும், எலியாகு ஹநாவி தீர்க்கதரிசி கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் தட்டு வைக்காமல் விட்டுவிடாதே. வீடு பார்க்கும்போது தெருவையும் பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு, அப்பா அப்போது காய்கறி வாங்கப் போய்விடுவார். அத்தை சொன்னதை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை, நீயே சொல்.

ஆயி