குத்தகைக்கு விடாத மரம்

பண்ருட்டி,
கடலூர் மாவட்டம்.
ஜூன் 14

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று கொல்லையில் வடக்கு மூலைப் பலாவில் முதல் பழம் இறக்கினோம். முள் விரிந்து மழுங்கியிருந்தது. விரலை மடக்கித் தட்டினால் தொம் தொம் என்று சத்தம். கத்திக்கும் கைக்கும் எண்ணெய் தடவிக்கொண்டு அம்மா அறுத்தாள். வாசம் தெருவரைக்கும் போய், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கூப்பிடாமலே வந்துவிட்டார்கள்.

போன வாரம் போனில், "இந்த ப்ராஜெக்ட் முடியட்டும்ப்பா, அப்புறம் நிம்மதியா இருப்பேன்" என்றாய். பிளஸ் டூ படிக்கும்போதும் இதைத்தான் சொன்னாய். அப்புறம் காலேஜ் முடியட்டும், விசா வரட்டும் என்றாய். டொரண்டோ போய் மூன்று வருஷம் ஆகிறது கண்ணு. அந்த 'அப்புறம்' இன்னும் வரவில்லையே.

உன்னைக் குறை சொல்லவில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். தாத்தா வைத்த மரங்கள் 22. பிஞ்சு விடும்போதே வியாபாரியிடம் குத்தகை பேசி முடித்துவிடுவேன். மரத்தைப் பார்த்தால் அடைக்க வேண்டிய கடன்தான் கண்ணில் தெரியும். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. காற்று அடங்கிக் கொல்லைக்குப் போனால் 21 மரம் வேரோடு கிடக்கிறது. செம்மண் பள்ளம் பள்ளமாக வாயைத் திறந்துகொண்டிருக்கிறது. நீ ஆறாவது படித்தாய், என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாய். நஷ்டக் கணக்கெல்லாம் பிறகுதான் போட்டேன். இந்த நிழலில் ஒரு நாளாவது சும்மா உட்கார்ந்திருக்கிறேனா என்றுதான் அப்போது மனசு கேட்டது.

தப்பியது அந்த வடக்கு மூலை மரம் ஒன்றுதான். கிளை முறிந்தும் நின்றது. அதை மட்டும் குத்தகைக்கு விடுவதில்லை. தினமும் காலையில் டீயை எடுத்துக்கொண்டு அதனடியில் போய் உட்கார்ந்துவிடுவேன்.

உன் ஆயாவுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. "ரெண்டு நாழிகையில வந்துடறேன்" என்பாள். ஒரு நாழிகை என்பது 24 நிமிஷம், நாளொன்றுக்கு 60 நாழிகை. கிணற்று மேட்டில் நிழல் ஏறினால் மாட்டை ஓட்டிக்கொண்டு வருவாள். களை எடுக்கும்போது களைதான், உனக்குக் கதை சொல்லும்போது கதைதான். நம்மைவிட அவளுக்கு வேலை அதிகம் பாப்பா.

நீ பேசும்போது கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்கிறது. அம்மா சொல்ல மாட்டாள், நான் சொல்கிறேன். அரை மணி நேரமெல்லாம் வேண்டாம். பத்து நிமிஷம் போதும், லேப்டாப்பை மூடிவைத்துவிட்டுப் பேசு. ஞாயிற்றுக்கிழமை இங்கே சாயங்காலம் 6 மணி என்றால் உனக்குக் காலை 8.30. அங்கேயும் இப்போது வெயில் காலம்தானே, ஜன்னலைத் திறந்து என்ன தெரிகிறது என்று சொல்லு. நான் மரத்தடியிலிருந்து பேசுகிறேன்.

பலாக்கொட்டையைக் கழுவிக் காயவைத்திருக்கிறாள் அம்மா. நாளைக்குக் கருவாட்டுக் குழம்பில் போடப்போகிறாளாம்.

அன்புடன்,
அப்பா