பிசின் உறை எதுவரை காக்கும்?

ஆசிரியருக்கு,

'இயற்கைப் பிசின் உறையிட்ட வைட்டமின்' என்று பொட்டலத்தில் போட்டிருந்தால் சத்து பத்திரமாக இருக்கும் என்று வாசகர்கள் நம்பிவிடுகிறார்கள். எந்தப் பிசின், எப்படி அடைத்தார்கள் என்பதைப் பொறுத்த விஷயம் அது.

கொத்தவரைப் பிசினை நூற்றுக்கு 1 பங்கு கரைத்தாலே கரைசல் கூழாகி, அதைச் சூடான காற்றில் தூவிப் பொடியாக்கும் உலர்த்தியின் (ஸ்பிரே டிரையர்) தெளிப்பு முனையை அடைத்துக்கொள்ளும். அரபிப் பிசினோ (ஒருவகை வேல மரத்தின் பிசின்) 30 பங்கு கரைத்தாலும் ஓடும். அதிலுள்ள சுமார் 2 சதவீதப் புரதம்தான் வைட்டமின் கரைந்த எண்ணெய்த் துளியைப் பற்றிக்கொள்கிறது. வழக்கமான அளவு, 70 கிலோ தண்ணீருக்கு 24 கிலோ பிசின், 6 கிலோ மீன் எண்ணெய். பிசினை முதல்நாளே ஊறவைக்க வேண்டும். அரைகுறையாக ஊறினால் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். பலர் கவனிக்காத ஒன்று: பிசினிலேயே ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டும் நொதிகள் உண்டு. எண்ணெய் சேர்க்கும் முன் கரைசலைச் சற்று நேரம் கொதிநிலைக்குக் கொண்டுபோய் ஆறவிட்டால் அவை செயலிழக்கும். அதிக நேரம் கொதித்தால் அந்தப் புரதமும் திரிந்து, பிடிப்புப் போய்விடும். பிறகு ஹோமோஜினைசரில் துளியை 1, 2 மைக்ரான் அளவுக்கு நுணுக்க வேண்டும்.

ஸ்பிரே டிரையரில் உள்ளே போகும் காற்று 170 முதல் 180 டிகிரி செல்சியஸ், வெளியேறுவது 80 முதல் 90 டிகிரி என்று வைப்பது வழக்கம். உள்காற்றின் சூடு மிஞ்சினால் பொடியின் மணி ஊதி வெடித்து எண்ணெய் வெளியே கசியும். வெளிக்காற்று குளிர்ந்திருந்தால் பொடி பிசுபிசுக்கும். செலவைக் குறைக்க, மாவுச்சத்திலிருந்து எடுக்கும் மால்டோடெக்ஸ்ட்ரின் கலப்பதில் தவறில்லை, ஆக்சிஜனை அது நன்றாகவே தடுக்கும். ஆனால் எண்ணெயைப் பிடிக்கும் திறன் அதற்கில்லை. அளவு மீறினால் எண்ணெய் மணியின் மேற்பரப்பில் தங்கி, முதலில் அதுதான் காறும். பொடியை, எண்ணெயைக் கரைக்கும் ஹெக்சேன் திரவத்தில் லேசாக அலசி, கழன்று வரும் எண்ணெயை எடைபோட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். மொத்த எண்ணெய் அளவை மட்டும் காட்டும் சான்றிதழில் இது தெரியாது.

ஈரம் இன்னொரு எதிரி. காற்றின் ஈரத்தை உறிஞ்சினால் கண்ணாடிபோல் இறுகிய பிசின் இளகிக் கட்டிதட்டும்; ஆக்சிஜனும் உள்ளே புகும்.

பானங்களில் 'உறையிட்ட' என்ற சொல்லைப் போடுவதுதான் எனக்கு உறுத்துகிறது. அரபிப் பிசின் தண்ணீரில் கரைவது. பொடி கரைந்ததும் காவலும் முடிந்தது. திரவத்திலும் உறை நிற்க வேண்டுமென்றால், அமிலநிலை (pH) 4 அளவில் ஜெலட்டினும் அரபிப் பிசினும் எதிரெதிர் மின்னூட்டத்தால் ஒட்டிக்கொள்ளும்படி செய்து, குளிரவைத்து இறுக்க வேண்டும். ஜெலட்டின் விலங்குப் பொருள் என்பதால் சைவ உணவாளர்களுக்கு ஆகாது. எந்த முறையில் உறையிட்டது என்பதையும் உற்பத்தியாளர்கள் பொட்டலத்தில் அச்சிடட்டும்.

இப்படிக்கு,
உணவுத் தொழில்நுட்பத் துறை வாசகர்